கடையநல்லூருக்கு எட்டாத பீரங்கி

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்பது எனக்கு மைல்கல்லைப் பார்த்துத் தெரிந்ததல்ல. பீரங்கியை வைத்துத் தெரிந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணக்குப்படி, காசி விசுவநாதர் கோயில் வாசலில் 25 பவுண்டர் பீரங்கியை நிறுத்திச் சுட்டால் குண்டு கடையநல்லூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே வயலில் விழுந்துவிடும். ஐந்தரை இஞ்ச் பீரங்கி கடையநல்லூரைத் தொட்டுத் தாண்டும். ரஷ்யாவிலிருந்து வந்த 130 மில்லிமீட்டர், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் வரைக்கும் போகும். “ரோட்டுக் கணக்கு இல்லலே, காக்கா பறக்குத கணக்கு” என்று திருத்தமும் சொல்வார்.

இதையெல்லாம் ஓடும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் சொல்வார். இரண்டு காதும் மந்தம். மெதுவாகப் பேசுவது என்ற பழக்கமே அவரை விட்டுப் போயிருந்தது. எலுமிச்சை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு புளியங்குடிக்காரர் ஒருமுறை, “அண்ணாச்சி, எங்க ஊரு மேல ஏன் உங்களுக்கு இவ்வளவு காட்டம்?” என்று கேட்டதும், பெரியப்பா அதைச் சரியாகக் காதில் வாங்காமல், “ஆமா, இருபத்தேழு கிலோமீட்டர்!” என்று பெருமையாகப் பதில் சொன்னதும் எங்கள் வீட்டில் நெடுநாள் ஓடிய கதை.

1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் பெரிதாக ஆள் எடுத்தபோது சேர்ந்தவர். ஹைதராபாத் கோல்கொண்டாவில் பீரங்கிப் படைப் பயிற்சி மையம் அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. அங்கேதான் இந்தியும் பீரங்கியும் ஒன்றாகப் படித்தார். கடைசிவரை அவர் வாயில் பீரங்கி என்ற சொல் வந்ததில்லை. இந்தியில் படித்த ‘தோப்’தான். தோப்புக்குப் போனேன் என்பார். புதிதாகக் கேட்பவர்கள் தென்னந்தோப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

சினிமா பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பீரங்கி என்றால் இரும்பு உருண்டை, திரி, ஒருவர் தீ வைப்பார், எதிரில் கோட்டைச் சுவர் சரியும். பெரியப்பா சொன்ன பீரங்கியில் தீ வைப்பவரே கிடையாது. ஆறு பேர், ஆறு நம்பர். ஒன்றாம் நம்பர் தலைவர். இரண்டாம் நம்பர் பின்கதவைத் திறந்து மூடி, குண்டை உள்ளே தள்ளி இறுக்குபவர். மூன்றாம் நம்பர் குறி வைப்பவர், லேயர் என்பார்கள். நான்காம் நம்பர் குண்டைக் கொண்டுவந்து போடுபவர். ஐந்தும் ஆறும் குண்டையும் மருந்தையும் தயார் செய்து கொடுப்பவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவே நேரம் இருக்காது என்பதால் நம்பர்தான் பெயர். பல வருடம் கூடவே இருந்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் “நம்ம அஞ்சாம் நம்பரு, சேலத்துக்காரன்” என்றுதான் ஆரம்பிப்பார்.

25 பவுண்டரில் குண்டும் மருந்தும் தனித்தனி. குண்டு 25 பவுண்டு, நம் கணக்கில் பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். அதை முதலில் உள்ளே தள்ள வேண்டும். பிறகு பித்தளைக் குடுவை. அந்தக் குடுவைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மருந்துப் பைகள் இருக்கும். பக்கத்தில் சுட வேண்டுமானால் சிவப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் உருவி எடுத்துவிட வேண்டும். தூரம் கூடக்கூட வெள்ளை, பிறகு நீலம். அதற்கும் மேலே சூப்பர் சார்ஜ் என்று தனிக் குடுவை. கடையநல்லூர் வயல் கணக்கெல்லாம் சூப்பர் சார்ஜுக்கு உரியது. குண்டு பாயும் நேரத்தில் எந்தப் பையை எடுப்பது என்று நின்று யோசிக்க முடியாது. ஒன்றாம் நம்பர் “சார்ஜ் டூ” என்று கத்தினால் கை தானாக நீலத்தை உருவ வேண்டும். “பையை மாத்தி உருவுனா குண்டு நம்ம ஆளு தலையில விழும், கேட்டியா? வீரம் என்ன வீரம்! நிறம் தெரியணும், அவ்வளவுதான்.”

அந்த மருந்தைப் பற்றி அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஊட்டிக்குக் குடும்பத்தோடு போனபோது மலை ரயில் குன்னூரைத் தாண்டி அருவங்காட்டில் நின்றது. 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் குண்டை உந்தித் தள்ளும் மருந்து செய்கிற இடம். எல்லோரும் யூகலிப்டஸ் மரத்தையும் பனியையும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியப்பா சன்னல் வழியாகத் தொழிற்சாலைக் கூரைகளைக் கைநீட்டிக் காட்டி எங்கள் எல்லோரையும் பார்க்க வைத்தார். வேறு எந்தக் காட்சிக்கும் அவர் அப்படிச் செய்யவில்லை.

1965 செப்டம்பரில் அவர் லாகூர்ப் பக்கம், இச்சோகில் கால்வாய்க்கு இந்தப் புறம் இருந்தார். அதற்குள் மூன்றாம் நம்பராகியிருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள், பாகிஸ்தான்காரர்கள் பார்க்க எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன்.

“யாருக்குலே தெரியும்? நான் பாத்தது ரெண்டு கம்பு.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே இரண்டு கம்புதான். பீரங்கி நிற்பது போர் முனையிலிருந்து சில கிலோமீட்டர் பின்னால், மரத்தடியிலோ கரும்புக் காட்டிலோ. அங்கிருந்து எதிரி தெரியமாட்டான். பீரங்கிக்குக் கொஞ்சம் தள்ளிச் சிவப்பும் வெள்ளையும் பூசிய இரண்டு கம்புகளை நட்டிருப்பார்கள். லேயர் டயல் சைட் என்ற கண்ணாடி வழியாக அந்தக் கம்பைப் பார்ப்பார்; சொன்ன கோணத்தைத் திருகி வைத்துக் குறியைக் கம்பின் மேல் கொண்டுவந்து நிறுத்துவார். அவ்வளவுதான் குறி. எதிரியைப் பார்ப்பவர் வேறொருவர். முன்னால் காலாட்படையோடு குழியிலோ மரத்திலோ உட்கார்ந்திருக்கும் ஓ.பி. அதிகாரி. குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து, இருநூறு கூட்டு, நூறு குறை, வலது பக்கம் தள்ளு என்று வயர்லெஸ்ஸில் சொல்வார். வயர்லெஸ் சொல்வதைக் கணக்குப் போடுபவர்கள் கோணமாக மாற்றுவார்கள். கோணம் பெரியப்பாவின் கைக்கு வரும். கைக்கும் குண்டு விழும் இடத்துக்கும் நடுவில் அத்தனை பேர், அத்தனை தூரம்.

இந்தக் கம்புக் கதையை ஊரில் யாரிடமும் சொல்லாதே என்று பெரியம்மா கேட்டுக்கொள்வாள். பட்டாளத்துக்காரர் என்று மாலை போட்டவர்கள் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்! எனக்கோ அதுதான் அவர் சொன்னதிலேயே கனமான சங்கதியாகப் பட்டது. இன்றும் அப்படியே படுகிறது. யாரைக் கொன்றோம், கொன்றோமா இல்லையா என்பதே தெரியாமல் ஒருவர் இரண்டு போர்களைக் கடந்து வந்திருக்கிறார்.

அந்தப் போரில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எதிர்ப்பக்கமும் 25 பவுண்டர்தான் சுட்டது. பிரிவினையில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பீரங்கிப் பிரிவுகளும் பங்கு போட்டுப் பிரிக்கப்பட்டன. உலகப்போர்க் காலத்துப் பீரங்கிகள் இரண்டு பக்கமும் இருந்தன. பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த கனரகப் பீரங்கிகள் கூடுதலாக இருந்தன. 25 பவுண்டர் சத்தம் கேட்டால் அது நம்முடையதா அவர்களுடையதா என்று திசையை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பார்.

1971-ல் அவர் ஐந்தரை இஞ்ச் பீரங்கிக்கு மாறியிருந்தார். அதன் குண்டு 100 பவுண்டு, 45 கிலோ; ஒரு சிமெண்ட் மூட்டைக்கு ஐந்து கிலோ குறைவு. தட்டில் வைத்து இருவர் தூக்கிக் கொண்டுவந்து வாய்க்கு நேராகப் பிடிக்க, இன்னொருவர் தள்ளி இறுக்க வேண்டும். 80 பவுண்டுக் குண்டும் பிறகு வந்தது. அது 16 கிலோமீட்டருக்கு மேல் போகும், தூக்குகிறவர்களும் கொஞ்சம் மூச்சு விடலாம். டிசம்பர்க் குளிரில், ஜம்முவுக்குத் தெற்கே ஷகர்கர்ப் பகுதியில், இரவெல்லாம் அந்தக் குண்டுகளைத் தூக்கியதில் போனதுதான் இடுப்பு. வயதான பிறகு அவர் எழுந்து நிற்பது இரண்டு தவணையாக நடக்கும்.

காது போனது அதற்கும் முன்னால், 25 பவுண்டரிலேயே. அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சுதான். சுடும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். நூற்றுக்கணக்கான வெடிகளுக்கு நடுவில் யார் வாயைத் திறந்து வைத்தார்கள், யார் மூடினார்கள் என்று யார் பார்த்தது? இப்படிப் போகிற காது மொத்தமாகப் போவதில்லை. கீச்சுக் குரல்கள், மெல்லிய மேல்சத்தங்கள் முதலில் போகும். கனத்த குரல் நின்றுகொள்ளும். ஆகவே பெரியப்பாவுக்கு என் அப்பா பேசுவது கேட்கும், பெரியம்மா பேசுவது கேட்காது. “ஆம்பிளைக பேச்சு மட்டும் எப்படிக் கேக்கு?” என்று பெரியம்மா வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தாள். வீட்டில் எல்லோரும் பெரியம்மா பக்கம்தான். ஒரு காது டாக்டர் கிராஃப் போட்டுக் காட்டி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்குவதை விளக்கியபோது பெரியம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. காகிதத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பவே சொல்லியிருக்கலாம்லா” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

குற்றாலத்தில் மட்டும் பெரியப்பா எல்லோருக்கும் சமம். ஆனி ஆடிச் சாரலில் பேரருவி நிறைந்து கொட்டும்போது அடியில் நிற்கிற யாருக்கும் எதுவும் கேட்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கூட்டம் முழுக்கக் கையைக் காட்டி, வாயை அசைத்து, அவரைப் போலவே கத்திப் பேசும். அவர் சாடையிலேயே பேசிப் பழகியவர். போலீஸ்காரர் விசில் ஊதியதும் அவருக்குத்தான் கேட்காது. அதனால் மற்றவர்களைவிட ஒரு நிமிடம் கூடுதலாகக் குளிப்பார். இதில் கொஞ்சம் நடிப்பும் இருந்ததென்று எனக்குச் சந்தேகம்.

சீசனில் சுற்று வட்டாரத்துப் பழைய பட்டாளத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஐந்தருவிப் பக்கம் சேர்வார்கள். குளித்துவிட்டு, தலை துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுக்குக் காபியோடு பேச்சு. இலஞ்சிக்காரர் ஒருவர் மலைப் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். அவரோடு பெரியப்பாவுக்கு ஓயாத வழக்கு. 3.7 இஞ்ச் மலைப் பீரங்கியை எட்டுப் பாகமாகக் கழற்றி எட்டுக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு போவார்கள். பிறகு அதற்குப் பதிலாக இந்தியாவிலேயே செய்த 75 மில்லிமீட்டர் பீரங்கி வந்தது, அதையும் அப்படிப் பிரிக்கலாம். இலஞ்சிக்காரருக்குத் தன் பீரங்கியைவிடக் கழுதை மேல் பிரியம் அதிகம். பாதை ஒடிந்த இடத்தில் கழுதை நின்றுவிட்டால் மனிதனும் நிற்க வேண்டும், அதன் புத்தி அப்படி என்பார். “உம்ம தோப்பு கடையநல்லூருக்கே போவாது, அதை வச்சிக்கிட்டு இமயமலையில என்னவே பண்ணுவீரு?” என்பது பெரியப்பாவின் எதிர்க்கேள்வி. மலையில் தூரம் யாருக்கு வேண்டும், முகட்டுக்கு மேலே ஏறி அந்தப் பக்கச் சரிவில் இறங்குகிற குண்டுதான் வேண்டும் என்பது இலஞ்சிக்காரர் பதில். குழல் நீளமான பீரங்கி தட்டையாகச் சுடும், தூரம் போகும். குட்டைக் குழல் ஹோவிட்சர் செங்குத்தாக எறியும், மறைவில் இருப்பவன் தலையில் விழும். பீரங்கி வகைகளின் அடிப்படையான இந்த வித்தியாசம் நான் புத்தகத்தில் படித்ததல்ல. ஐந்தருவி மதில்மேல் கேட்டது.

போபர்ஸ் விவகாரம் வெடித்த காலம் நினைவிருக்கிறது. 1986 மார்ச்சில் ஸ்வீடன் கம்பெனியோடு ஒப்பந்தம்: 410 பீரங்கிகள், 1,437 கோடி ரூபாய். அடுத்த வருடம் ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி லஞ்சச் செய்தியை வெளியிட்டது. 1989 தேர்தலில் தென்காசிச் சுவர்களில்கூடப் பீரங்கிப் படம். டீக்கடையில் அந்தப் பீரங்கியே ஓட்டை என்று ஒருவர் பேசப்போக, பெரியப்பா சண்டைக்குப் போய்விட்டார். “காசு வாங்குனவனைப் புடி. தோப்பை ஏம்வே வையுதீரு?” அதற்குமேல் அந்த அரசியலில் அவருக்குக் கருத்தே இல்லை. இந்த விஷயத்தில் நாட்டில் பலரைவிட அவர் தெளிவாக இருந்தார் என்று நினைக்கிறேன். கம்பெனியைத் தடை செய்ததில் பின்னாளில் உதிரி பாகம் கிடைக்காமல், ஒரு பீரங்கியைக் கழற்றி இன்னொன்றுக்குப் போடும் நிலை வந்தது.

1999 கோடையில் கார்கில். ஜூன் மாதம் சாரல் தொடங்கியும் அவர் குற்றாலம் பக்கம் போகவில்லை. தொலைக்காட்சி முன்னால்தான். சத்தம் கூட்ட வேண்டிய அவசியமில்லை; அவருக்கு வேண்டியது படம். போபர்ஸ் குழல் அண்ணாந்து நிற்பதையும், குண்டுகளை இயந்திரக் கை தூக்கித் தட்டில் வைப்பதையும் பார்த்ததும், “எங்க இடுப்பு ஒடிஞ்ச இடத்துல இவன் கொக்கி போட்டிருக்காம்ல” என்றார். பதினைந்து விநாடிக்குள் மூன்று குண்டு சுடும், தானே எஞ்சின் போட்டுக் கொஞ்ச தூரம் நகர்ந்துகொள்ளும் என்று நான் பத்திரிகையில் படித்துக் காட்டினேன். சாதாரணமாக 24 கிலோமீட்டர் போகிற குண்டு அங்கே இன்னும் தூரம் போனது. அந்த உயரத்தில் காற்று மெலிந்து இருப்பதால் குண்டுக்குத் தடை குறைவு. இதை நான் விளக்கும் முன்பே அவர் தலையாட்டினார். காற்றின் கனமும் வெப்பமும் பார்த்துக் கணக்கைத் திருத்துவது 25 பவுண்டர் காலத்திலேயே உள்ள வேலை.

அந்தப் போரில் இந்தியப் பீரங்கிப் படை இரண்டரை லட்சத்துக்கு மேல் குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் சுட்டது. டைகர் ஹில்லைப் பிடித்த நாளில் மட்டும் 9,000 குண்டு. நம் பத்திரிகைகள் திருச்சி மேஜர் சரவணனைப் பற்றி எழுதின. படாலிக்கில் மே 29 அன்று இறந்தவர், காலாட்படை அதிகாரி. எழுத வேண்டியதுதான். ஆனால் பின்னால் நின்று ராத்திரி பகலாகக் குண்டு தூக்கியவர்களில் ஒருவர் முகத்தையாவது எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலாவது பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பீரங்கியின் படம் வரும், பீரங்கிக்காரரின் படம் வராது.

அதே வருடம்தான், சண்டை ஓய்ந்த பிறகு, நெற்கட்டும்செவலுக்குப் போனோம். வாசுதேவநல்லூர் பக்கம். புலித்தேவர் பிறந்த நாள் விழாக் கூட்டம் போன பிறகு ஒரு நாள், நினைவு மாளிகை வெறிச்சோடிக் கிடந்தபோது. 1755-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு இங்கே வந்து, கோட்டையைத் தகர்க்க முடியாமல், கப்பமும் கிடைக்காமல் மதுரைக்குத் திரும்பினான் என்ற கதையைச் சொன்னேன். பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: “என்ன தோப்பு கொண்டாந்தான்?” சுவரை உடைக்கப் போதுமான கனமான பீரங்கி அவனிடம் இல்லை. மேலும் நம் பாளையக்காரர் கோட்டைகள் மண்கோட்டைகள். கல்சுவர் அடிபட்டால் சிதறும், மண்சுவர் இரும்பு உருண்டையை விழுங்கிக்கொள்ளும். 1761-ல் கான்சாகிபு, நம் மருதநாயகம், நீண்ட சண்டைக்குப் பிறகு இந்தக் கோட்டையையும் வாசுதேவநல்லூரையும் பனையூரையும் பிடித்தார். பாஞ்சாலங்குறிச்சியிலும் 1801 மார்ச் 31 அன்று நடந்த தாக்குதல் தோற்று, பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. பெரியப்பா மண்ணை மிதித்துப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ சுட்டவனுக்கு உள்ள இருக்கவன் தெரிஞ்சிருப்பான், இல்ல?” என்றார். தெரிந்திருக்கும், சில நூறு கஜம்தானே. சுவருக்கு மேலே தலையை நீட்டியவனின் தலைப்பாகை நிறம்கூடத் தெரிந்திருக்கும்.

குடியரசு தினத்தன்று மட்டும் அவர் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். தேசிய கீதம் பாடி முடிக்கும் 52 விநாடிக்குள் 21 குண்டு முழங்க வேண்டும். டெல்லியில் அதைச் சுட்டது பல வருடங்களாக அதே 25 பவுண்டர்தான். மற்றவர்கள் கொடியைப் பார்க்க, அவர் பீரங்கிக்காரர்களின் கையைப் பார்ப்பார். அவர் காலத்துக்குப் பிறகு, 2023 ஜனவரி 26 அன்று அந்த மரியாதைக் குண்டுகளை முதல்முறையாக 105 மில்லிமீட்டர் இந்தியப் பீரங்கிகள் சுட்டன. பதினேழு கிலோமீட்டர் போகிற பீரங்கி அது. கடையநல்லூரைத் தாண்டிவிடும்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் 65-லும் 71-லும் பீரங்கிப் படையில் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. எந்தத் தோப்பு, எத்தனையாவது நம்பர் என்று கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.